பென்னியின் கப்பலுக்கு எடுத்து வைத்த காய்

ராயபுரத்தில் கப்பல்களுக்குக் காய்கறி அனுப்பும் கிடங்கு ஒன்றில் எல்சி வேலை பார்த்தாள். சீன, பிலிப்பைன்ஸ் மாலுமிகள் விரும்பிக் கேட்கும் பாக் சோய்க் கீரையையும் பாகற்காயையும் கப்பல் ஏறும்வரை வாடாமல் வைத்திருப்பது அவள் பொறுப்பு. அந்த முறை ஆர்டர் வந்தது அவள் மகன் பென்னி சமையல்காரனாக இருக்கும் நிலக்கரிக் கப்பலிலிருந்து.

அப்பா ஆண்ட்ரூ செத்தபோது பென்னி நடுக்கடலில் இருந்தான். அடக்கத்தைப் போனில்தான் பார்த்தான். இப்போது கப்பல் எண்ணூருக்கு வருகிறது. ஒரு பகலாவது கரையில் விடுவார்கள் என்று நம்பினான்.

எல்சி கீரையைக் குளிர்ந்த தண்ணீரில் அலசி, வடியவிட்டு, நல்ல குளிர் அறையில் அடுக்கினாள். பாகற்காய்க்கு அவ்வளவு குளிர் ஆகாது, தோல் குழி விழுந்து கறுத்துவிடும். அதை மிதமான அறையில் வைத்தாள். அங்கே மாம்பழக் கூடைகள் இருந்தன.

"மங்கை, இந்த மாம்பழத்த வெளிய எடுத்துகினு போ. பழம் பக்கத்துல கீது, காயெல்லாம் பழுத்துடும்" என்று கூட வேலை செய்பவளிடம் சொன்னாள்.

கப்பல் வந்தது. ஆனால் துறைமுகத்தில் இடம் காலியில்லை. தூரத்திலேயே நங்கூரம் போட்டு நின்றது.

"அம்மா, எண்ணூர் புகைக்கூண்டு தெரியுது" என்றான் பென்னி போனில்.

"நானும் கடலத்தான் பாத்துகினு கீறேன், நைனா."

நாட்கள் போயின. தினமும் காலையில் வந்து, மஞ்சளான இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எறிந்தாள். கீரைக்கட்டுகள் இளைத்துக்கொண்டே வந்தன. சில பாகற்காய்கள் நுனியில் பழுக்கத் தொடங்கின.

பிறகு ஒரு மத்தியானம் பென்னி கூப்பிட்டான். குரல் உடைந்திருந்தது.

"விசாகப்பட்டினம் போவச் சொல்லிட்டாங்கம்மா. அங்கயும் எறங்க வுடமாட்டாங்களாம்."

"அழாத கண்ணு. சாப்ட்டியா?" என்று கேட்டாள்.

மீதிக் காயை வேறொரு கப்பலுக்கு அனுப்பும்படி மேனேஜர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"நீ வூட்டுக்குப் போக்கா, காய நான் கட்டி அனுப்பிடறேன்" என்றாள் மங்கை.

"வேணாம். அங்கயும் யாரோ பெத்த புள்ளைங்கதான் துன்னப் போவுது."

பழுத்ததைக் கழித்துவிட்டு, நல்ல காய்களைத் தானே பெட்டியில் அடுக்கினாள். வண்டி கிளம்பிப் போனதும் காலிக் கூடைகளைக் கழுவ உட்கார்ந்தாள். அப்போதுதான் அழுகை வந்தது. மங்கை குழாயை மூடிவிட்டு, ஈரத் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.