தூக்குவாளிக்குள் கடைசி ரெய்டு

எங்கள் ஜீப்பில் முன்சீட்டு எனக்குத்தான். வயதுக்குத் தந்த மரியாதை என்று நினைத்துவிட வேண்டாம், என் வாய்க்குப் பயந்து விட்டுக்கொடுத்தது. கம்பமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகும் பதினோரு பெண்களில் டிரைவரைத் திட்டத் துணிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் டிரைவர் அழகுமலையின் போனை வாங்கி வைக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. சாயங்காலம் இறங்கும்போது அவன் சாவியைத் திருகுவதற்கு முன்னால் போன் என் தூக்குவாளிக்குள் போய்விட வேண்டும். மதியம் சோறு தின்று கழுவிய வாளி. மூடியை அழுத்திவிட்டால் உள்ளே மணி அடித்தாலும் ஒழுங்காகக் கேட்காது.

தோட்டத்தில் டவர் கிடையாது. இறங்கும் வழியில் மூன்றாவது வளைவில்தான் டவர் பிடிக்கும். காலையிலிருந்து வராத செய்தியெல்லாம் அந்த இடத்தில் ஒரே மூச்சாக வந்து கொட்டும். போன வருஷம் அழகுமலை அங்கே போனை எடுத்துப் பார்க்கப் போய், ஜீப்பைச் சுவரில் தேய்த்துவிட்டான். அன்றைக்கு நான் போட்டதுதான் இந்தத் தூக்குவாளிச் சட்டம்.

அந்த வெள்ளிக்கிழமை மட்டும் போனைக் கொடுக்க அவனுக்குக் கை வரவில்லை. பன்னிரண்டாவது படிக்கும் அவன் மகள் வேல்விழிக்குத் தேனியில் கபடி இறுதி ஆட்டம். அப்பா வந்தே ஆக வேண்டும் என்று அவள் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வேறு டிரைவர் கிடைக்கவில்லை. எங்களை மலையில் விட்டுவிட்டு அவன் எங்கே போவான்? போனிலாவது கட்டாயம் பார்த்துவிடுவதாகப் பிள்ளைக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தான். பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார் யூடியூப்பில் நேரலை விடுகிறாராம். போனை முன்னால் நிறுத்தி வைத்துச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொள்கிறேன் என்று கெஞ்சினான்.

"சத்தம் கேட்டா கண்ணு சும்மா இருக்குமாக்கும்? கொண்டா இங்கன" என்று பிடுங்கி வாளிக்குள் போட்டேன். கல்நெஞ்சக்காரி என்று பின்னால் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டுமே.

இனிமேல் நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மூன்றாவது வளைவில் டவர் பிடித்ததும் என் சொந்தப் போனை மடியில் வைத்து, துண்டால் மறைத்து, சத்தத்தை அடக்கிவிட்டு ஆட்டத்தைத் திறந்தேன். வண்டி ஓட்டுகிறவனுக்குத்தானே சட்டம், எனக்கென்ன என்று நினைத்தேன். இரண்டு பக்கமும் இருபத்தாறு புள்ளி. இன்னும் ஒரு நிமிஷம்தான் பாக்கி. பின்சீட்டு மலையம்மாள் என் தோள்மேல் தாடையை ஊன்றிக்கொண்டாள். அவள் மூச்சு என் கழுத்தில் சுட்டது.

வேல்விழி கடைசி ரெய்டுக்குப் பாடிப் போனாள். ஒருத்தியைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது அவளும் சேர்ந்து நான்கு பேராகப் பாய்ந்து வேல்விழியின் காலைப் பிடித்துக் கவிழ்த்தார்கள்.

"ஐயோ, பிள்ளையக் கவுத்துட்டாளுக!"

என் வாய்தான். அடக்க முடியவில்லை. பெற்றவன் திரும்பாமல் இருப்பானா? அழகுமலை என் மடியைப் பார்த்தான். ஒரே நொடிதான். அதற்குள் ஜீப் வலது பக்கம் ஒதுங்கிவிட்டது. வளைவில் ஏறி வந்த பஸ்ஸின் முகம் கண்ணாடி நிறையத் தெரிந்தது. அவன் இடது பக்கம் ஒடித்து பிரேக்கை மிதித்தான். தடுப்புச் சுவருக்கு ஒரு சாண் இருக்கும்போது வண்டி நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் ஆகாயம்தான்.

எங்கே பார்த்து ஓட்டுகிறாய் என்று பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி அழகுமலையைப் பிடிபிடியென்று பிடித்தார்.

"அவுகளத் திட்டாதீக. தப்பு நாந்தேன்" என்றேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து ஜீப்பில் யாரும் கேட்டதில்லை. அவனை அவுக என்று சொன்னதும் அன்றைக்குத்தான்.

போனை அணைத்தேன். எல்லோருடைய போனையும் கேட்டு வாங்கி அணைத்தேன். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்ற மலையம்மாளின் கையிலிருந்தும் பிடுங்கினேன். வாளி நிறைந்து மூடி ஏறவில்லை. மேலே துண்டைப் போட்டு இறுக்கிக் கட்டினேன்.

"பிள்ளைக்கு அடிகிடி பட்டுருச்சாக்கா?" என்று அழகுமலை கேட்டான்.

"தெரியல. கீழ போயிப் பாப்போம். நீ ரோட்டப் பாரு."

ஓரங்கட்ட அங்கே இடமும் இல்லை, பின்னால் ஜீப்புகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. வேல்விழி எழுந்தாளா இல்லையா என்று தெரியாமலேயே மிச்ச வளைவுகளை இறங்கினோம். அந்த மலை அவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பின்னால் ஒருத்தி சாமியைக் கூப்பிட்டாள், ஒருத்தி வளைவுகளை எண்ணினாள். எனக்குப் பறந்து போய்விடலாம் போலிருந்தது. அழகுமலையோ நிறைகுடம் ஏற்றி வந்தவன்போல இரண்டாவது கியரிலேயே ஓட்டினான். வியர்வை கண்ணில் வழிந்தபோதுகூட ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்கவில்லை.

அடிவாரத்தில் திராட்சைத் தோட்டத்து வேலியோரம் நிறுத்தி, சாவியை உருவி என்னிடம் கொடுத்தான். நான் முடிச்சை அவிழ்ப்பதற்குள், வாளியின் அடியில் அணைக்காமல் கிடந்த அவன் போன் அதிர்ந்தது. வேல்விழிதான். ஸ்பீக்கரில் போட்டோம்.

"அப்பா, பாத்தியா? நாலு பேரும் காலப் புடிச்சுட்டாளுகப்பா. அத்தன பேரையும் இழுத்துக்கிட்டே போயிக் கோட்டத் தொட்டுட்டேன். நாலு பேரும் அவுட்டு. கப்பு நமக்குத்தேன்!"

ஜீப்பே குலுங்கியது. மலையம்மாள் குலவையிட்டாள். நான் அழுதேன், சிரித்தேன், அழகுமலையின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். வேல்விழி மறுபடியும் கேட்டாள், கடைசி ரெய்டைப் பார்த்தாயா என்று. பார்த்தேன் என்று சொல்லிவிடு என்று நாங்கள் பதினோரு பேரும் கையைக் காலை ஆட்டினோம்.

"பாக்கல ஆத்தா" என்றான். "ரோட்டத்தேன் பாத்துக்கிட்டு வந்தேன். வண்டியில பதினோரு பேரு இருந்தாக."



"சரிப்பா. பத்திரமா வீட்டுக்கு வா, ஆடிக் காட்டுறேன். புடிக்க மட்டும் நாலு ஆள் கூட்டிட்டு வா."

இருட்டுவதற்குள் அவள் வந்துவிட்டாள். அவர்கள் தெருவில் சுண்ணாம்பால் கோடு போட்டார்கள். வலது காலைப் பிடித்தவள் நான். இழுத்த இழுப்பில் என் முழங்கை சிராய்த்துவிட்டது. மலையில் கத்தியதைவிடப் பெரிதாகக் கத்தினேன். அழகுமலை என் பக்கம் திரும்பவே இல்லை, மகளையே பார்த்துக்கொண்டு நின்றான்.