பதினான்காம் திகதித் தாள்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. பக்தியில் பிறந்தது என்று எழுதத்தான் முதலில் பேனையை எடுத்தேன். இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை.

பொறாமை இராஜகுமாரி மேல். கலஹா தேயிலைத் தோட்டத்திலிருந்து இரண்டு பஸ் மாறி கண்டிப் பக்கம் அம்பிட்டியவுக்கு வந்து, கன்னியாஸ்திரிகள் நடத்தும் விடுதியில் சமைக்கிறவர். நான் அரசாங்கக் கச்சேரியில் கோப்பெழுதும் லிகிதராக இருந்து ஓய்வுபெற்றவன். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு வந்து முப்பது வருடமாகிறது. செவ்வாய்தோறும் அந்தோனியார் நவநாளில் மன்றாட்டு வாசிப்பது நான்தான். கோயில் பெட்டியில் சனம் போடும் வேண்டுதல் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, நல்ல தமிழில் திருத்தி எழுதி, அடுத்த கிழமை மைக்கில் வாசிப்பேன். பிறகு பாதர் அந்தத் துண்டுகளைப் பீடத்தில் வைத்து எரிப்பார்.

நான் வாசித்தால் சனம் அழும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

2

கைவிட்ட தொடக்கங்கள்:

'கலஹா மலையில் பனி இறங்கிய ஒரு காலையில் இராஜகுமாரி தன் கிழிந்த சேலையை—'

(பொய். சேலை கிழியவில்லை. கழுத்தில் சங்கிலி வேறு.)

'சாந்தமே உருவான அந்த ஏழைப் பெண்—'

(அதைவிடப் பெரிய பொய். பேராதனையில் பஸ் சீற்றுக்கு அவர் கொண்டக்டரோடு சண்டை பிடித்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். வென்றதும் அவர்தான்.)

'விசுவாசம் என்பது என்ன?'

(இது பிரசங்கம். பாதர் கோபிப்பார்.)

3

இராஜகுமாரியும் அந்தப் பெட்டியில் துண்டு போடுவார்; அதில் எழுத்தே இருக்காது. நாட்கலண்டரில் கிழித்த சின்ன மஞ்சள் தாள். முன்பக்கம் திகதி, ராகுகாலம். பின்பக்கம் வெறுமை. அந்தோனியார் பெட்டிக்குள் ராகுகாலம் என்ன தேடுகிறது என்று ஒருநாள் வாசலில் மறித்துக் கேட்டேன்.

"எழுதணும்னு இல்லீங்களே சார். பயமா இருக்கிற நாளு ஒண்ணு முன்னாடி வருதுன்னா, அதைக் கிழிச்சுப் போட்டுருவேன். போட்டாச்சுன்னா அது சாமியோட நாளு. அப்புறம் நான் எதுக்குத் தூக்கிச் சுமக்கணும்?"

"அந்த நாள் வருமே."

"வந்தா வரட்டுங்க. அன்னைக்கும் சோறு ஆக்கணும்ல."

மகன் கட்டாருக்கு விமானம் ஏறிய நாள், தோட்டத்தில் மண் சரிந்த பிறகு வீடு இருக்கத் தகுமோ என்று பார்க்க ஆட்கள் வந்த நாள், எல்லாம் அப்படிப் போட்டவைதானாம். அவர் வீட்டுக் கலண்டரில் அந்த நாட்களே இல்லையாம். புருஷனின் ஒபரேஷன் நாளும் அதில் ஒன்று. அந்த மனிதர் அன்றைக்கே செத்துப்போனார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கேட்டேன். (இந்த இடத்தில் வாசகர் என்னை வெறுக்கலாம்.)

"அந்த நாளையும் குடுத்தீங்கள். என்ன கிடைச்சது?"

கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். கோபித்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"அன்னைக்கு நான் தனியா இல்லீங்க சார்" என்றார். சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

அறுபத்தாறு வயதுவரை நான் எந்த நாளையும் யாரிடமும் கொடுத்ததில்லை. கொடுப்பதுபோல வடிவாக எழுதியிருக்கிறேன். என் பொறாமை அன்றைக்குத்தான் தொடங்கியது.

4

இந்தப் பாத்திரத்தைக் கொஞ்சம் உடைத்துப் பார்க்கலாமா என்றும் யோசித்தேன். சந்தையில் மரக்கறிக்காரனை ஏமாற்றுகிறவராக எழுதலாம். மகன் போன் எடுக்காத நாளில் சாமியைத் திட்டுகிறவராக எழுதலாம். இரண்டையும் எழுதினேன். அவர் நம்பிக்கை குறையவில்லை. என் எழுத்துத்தான் மலிவானது. வெட்டிவிட்டேன்.

அதற்குள் உண்மையாகவே ஒன்று நடந்தது. போன செவ்வாய், ஐந்தாம் திகதி, பெட்டித் துண்டுகளை வீட்டு மேசையில் கொட்டினேன். அதில் ஒரு கலண்டர் தாள் கிடந்தது. பதினான்கு, வியாழன். பின்பக்கம் வெறுமை. இராஜகுமாரிதான் என்று நினைத்தேன். ஆனால் தாள் பெரியது, வெள்ளை, மூன்று மொழியிலும் கிழமை போட்டது. எங்கேயோ பார்த்த தாள்.

குசினிக்குப் போனேன். எங்கள் சுவர்க் கலண்டரைப் புரட்டினேன். பதின்மூன்றுக்குப் பிறகு பதினைந்து வந்தது.

5

றீற்றா என் மனைவி. கீரை ஆய்ந்துகொண்டிருந்தா. என் கையிலிருந்த தாளைக் கண்டதும் கத்தியைக் கீழே வைத்தா.

"மார்பில ஒரு கட்டி" என்றா. "சதை எடுத்து அனுப்பியிருக்கினம். பதினாலாந் திகதி பெரியாஸ்பத்திரிக்கு வரட்டாம், றிப்போட் சொல்லுவினம்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

றீற்றா கையைத் துடைத்தா.

"ஆருக்குத் தெரியும்?"

"இராஜகுமாரிக்கு. ஆஸ்பத்திரிக்கும் அவதான் கூட வந்தவ."

நாற்பது வருடமாக ஒன்றாக இருக்கிறோம். கட்டியைவிட அந்தப் பெயர்தான் எனக்கு முதலில் வலித்தது. இதை மாற்றி எழுத எவ்வளவோ முயன்றேன். மாறவில்லை.

"என்னட்டச் சொல்லாமல் அவவிட்டச் சொல்லியிருக்கிறீர்."

"உங்களிட்டச் சொன்னா நீங்கள் அதை வடிவா எழுதி, செவ்வாய்க்கிழமை மைக்கில வாசிப்பியள். சனம் அழும். பிறகு நான் அந்தச் சனத்துக்கு நடுவில நிக்கவேணும்." கீரையைத் திரும்ப எடுத்தா. "அவவிட்டச் சொன்னா, 'அப்ப அந்த நாளைக் கிழிச்சுப் போட்டுருங்க அம்மா' எண்டா. அவ்வளவுதான் கதைச்சவ. எனக்கு அது போதுமாயிருந்தது."

ஒரு பிடி ஆய்ந்த பிறகு கேட்டா: "அந்தத் தாள் பாதரிட்டப் போகுமோ?"

"ஓம்" என்றேன்.

6

பாதருக்குப் போகும் துண்டுகளோடு அதை வைக்கவில்லை. கதை எழுதும் இந்தக் கொப்பிக்குள்தான் இருக்கிறது. ஏனென்றால் நான் அன்றைக்கே இந்தக் கதையைத் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கிவிட்டேன், தாள் பக்கத்தில் இருந்தால் எழுத்து நன்றாக வருகிறது. றீற்றா அந்த நாளைக் கொடுத்துவிட்டதாக நினைத்து ஒரு கிழமையாக நிம்மதியாகத் தூங்குகிறா. நாள் என்னிடம் இருக்கிறது. நான் தூங்கவில்லை.

முடிவுகள்:

(அ) வியாழன், டொக்டர் சிரிக்கிறார். ஒன்றுமில்லை. கணவன் மனம் மாறுகிறான். கோயிலின் பங்கு மலரில் போட நல்லது.

(ஆ) வியாழன், டொக்டர் கண்ணாடியைக் கழற்றுகிறார். கணவன் வானத்தைப் பார்த்து— (போதும்.)

(இ) இராஜகுமாரியின் நம்பிக்கை ஆட்டம் காண்கிறது. இதுதான் நான் உள்ளுக்குள் விரும்பிய முடிவு என்று நினைக்கிறேன். அதை விரும்பினால் றீற்றாவுக்கு என்ன நடக்கவேண்டும் என்று யோசித்தபோது கை நின்றது.

7

இன்று திங்கள், பின்னேரம். நீங்கள் இதை வாசிக்கும்போது அந்த வியாழன் முடிந்துபோயிருக்கும். உங்களுக்கு அது வெறும் ஒரு திகதி. அதற்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு வாசிக்கிறீர்கள். உங்கள் மேலும் எனக்குப் பொறாமைதான்.

நாளை செவ்வாய். தாளை இரகசியமாக மற்றத் துண்டுகளோடு பாதரிடம் சேர்த்துவிடலாம். றீற்றாவுக்குத் தெரியவராது. கதையும் ஒழுங்காக முடியும். ஆனால் அந்த நாள் என்னுடையது அல்ல. றீற்றாவிடம்தான் திருப்பிக் கொடுக்கவேண்டும்.

"இஞ்சேருங்கோ, தேத்தண்ணி ஆறுது" என்று றீற்றா குசினியிலிருந்து கூப்பிடுகிறா.

தாளை எடுத்துக்கொண்டு போகிறேன். இவ்வளவு நாளும் அது எங்கே இருந்தது என்று சொல்லப்போகிறேன். இப்படி ஒரு கதை எழுதினேன் என்பதையும் சொல்வேன். இது உங்கள் கைக்கு வந்திருந்தால், அவ சம்மதித்திருக்கிறா என்று அர்த்தம்.

அவ என்ன சொன்னாலும் அதை எழுதமாட்டேன். அது மைக்கில் வாசிக்கிறதற்கு இல்லை.