அறுபத்தொண்ணு வித்தியாசம்

அக்கா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. "அந்த ஒப்பிட்டுப் பாக்கிற வேலைய மட்டும் இப்ப வைக்காதடி. எனக்கு ரெண்டு வாரம் குடு, எழுதாம விட்டதெல்லாம் எழுதி முடிச்சிடுறேன்."

சின்னவ சரின்னா. மனசார சரின்னுதான் சொன்னா.

ரெண்டு பேருக்கும் ஒரே ஆபீஸ். டயர் கடைக்கு மேல ரெண்டாவது மாடி, மொத்தமே அஞ்சு பேர். டயாலிசிஸ் மையங்கள்ல யாருக்கு எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த நாற்காலின்னு ஒதுக்குற சாஃப்ட்வேர் பண்றாங்க. அதோட டேட்டாபேஸ் மொத்தமும் ஆறு வருசமா அக்கா கையில. சின்னவளுக்குப் பதினெட்டு வயசு, பயிற்சிக்குன்னு சேந்து மூணு மாசம். அக்கா கெஞ்சித்தான் எடுத்தாங்க.

டேட்டாபேஸ்ல எத மாத்தினாலும் அத ஒரு ஸ்கிரிப்டா எழுதி, நம்பர் போட்டு, எல்லாருக்கும் பொதுவான இடத்துல சேக்கணும். சட்டம் அது. நடந்தது வேற. மேனேஜர் போன் பண்ணுவாரு: "அந்த மையத்துல கத்துறாங்கம்மா, இப்பவே பண்ணிடு. எழுதுறதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்." அக்கா பஸ்ல தொங்கிக்கிட்டே பண்ணுவா. தலைக்குக் குளிச்சு ஈரம் சொட்டச் சொட்ட வந்து பண்ணுவா. மையங்கள்ல ஓடிக்கிட்டிருக்கிற நெஜ டேட்டாபேஸ்லயே நேரா கைவைப்பா. அந்த 'அப்புறம்' மட்டும் வந்ததே இல்ல.

திடீர்னு மேனேஜருக்கு ஒரு ஆசை வந்துச்சு. யாராச்சும் ஒரு ஸ்கிரிப்ட் சேத்தா, மெஷின் தானா முழிச்சுக்கிட்டு, காலி டேட்டாபேஸ் ஒண்ண மொதல் ஸ்கிரிப்ட்லேந்து இருநூத்திப் பன்னெண்டாவது வரைக்கும் வரிசையா கட்டணும், கட்டினத சோதிச்சுப் பாக்கணும். தேறினா பச்சை, தேறலன்னா சிவப்பு. வேலை சின்னவ தலையில விழுந்துச்சு. ஒம்போது நாள் சிவப்பப் பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப் போச்சு. பத்தாவது நாள் பச்சை.

எல்லாரும் அவ மேஜையச் சுத்தி நின்னாங்க. மேனேஜர் குனிஞ்சு பாத்தாரு. "இவ்ளோதானா? பச்சையா ஒரு புள்ளி. இத நானே வரைஞ்சிருப்பேனே, பத்து நாள் எதுக்கு?"

"விடுங்க சார், தக்காளி இப்பதான் காயா இருக்கு, இனிமேதான் செவக்கும்"ன்னாரு சாஃப்ட்வேர சோதிச்சுப் பாக்கிற டெஸ்டர் அண்ணன். எல்லாரும் சிரிச்சாங்க. அக்கா மட்டும் சிரிக்கல.

சின்னவளுக்குக் காது ரெண்டும் சூடாயிடுச்சு. மெஷின் கட்டினதையும் மையங்கள்ல ஓடுற நெஜத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒப்பிடுற வேலையையும் அவ எழுதித்தான் வச்சிருந்தா. ஒரே ஒரு வரியால அணைச்சு வச்சிருந்தா, அவ்ளோதான்.

"இன்னும் ஒண்ணு இருக்கு சார்."

அக்கா வெடுக்குன்னு திரும்பினா. அதுக்குள்ள சின்னவளோட விரல் போய் அந்த அணைச்ச வரிய எடுத்துடுச்சு.

திரை செவந்துச்சு. ஸ்கிரிப்ட்ல இல்லாம நெஜத்துல மட்டும் இருக்கிற மாத்தம் அறுபத்தொண்ணு. ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல யாரு பண்ணதுன்னு. அறுபத்தொண்ணுலயும் ஒரே லாகின், அக்காவோடது.

"என்னம்மா இது? யாருக்கும் தெரியாம தனிக்குடித்தனம் நடத்தியிருக்க?"

"நீங்க போன்ல சொன்னது சார். எல்லாமே."

"எழுத்துல இருக்கா?"

டெஸ்டர் அண்ணன் டீ வாங்கப் போயிட்டாரு.

வீட்டுக்கு நடக்கும்போது அக்கா கேட்டா, "ஏன்டி?"

"சிரிச்சாங்கக்கா."

"சிரிச்சாங்க." அக்கா அதையே ஒரு தடவ சொல்லிப் பாத்துக்கிட்டா. அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல. திட்டியிருந்தா தேவலன்னு இருந்துச்சு சின்னவளுக்கு.

மறுநாள் மேனேஜர் அக்காவோட பாஸ்வேர்ட முடக்கிட்டு, நெஜ டேட்டாபேஸத் தொடுற உரிமையச் சின்னவளுக்குக் குடுத்தாரு. "ஸ்கிரிப்ட்ல இல்லாதது எதுவும் அங்க இருக்கக் கூடாது. ரெண்டையும் ஒண்ணாக்கிடு."

"சார், அது அறுபத்தொண்ணும் குப்பை இல்ல. ஒவ்வொண்ணா படிச்சுப் பாக்கணும்"னா அக்கா.

"ஆறு வருசமா எழுதாதவங்க இப்ப எங்களப் படிக்கச் சொல்றாங்க. நீ அழுத்தும்மா."

சின்னவ முடியாதுன்னு சொல்லியிருக்கலாம். அக்காவ ஒரு பார்வை பாத்திருந்தாக்கூடப் போதும். பாத்தா அழுதுடுவோமோன்னு பயம். திரையவே பாத்துக்கிட்டு அழுத்தினா. அறுபத்தொண்ணும் போச்சு. பச்சை வந்துச்சு.

சனிக்கிழமை காலையில போன். ஒரு மையத்துல ஒரே நாற்காலிக்கு, ஒரே நேரத்துக்கு ரெண்டு பேரு வந்து நிக்கிறாங்க. ரெண்டு நாளா காலு வீங்கிக் கிடந்த ஒரு பெரியவர, மூச்சு வாங்க வாங்க, நாளைக்கு வான்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ஒரு நாற்காலிய ஒரே நேரத்துல ரெண்டு பேருக்குக் குடுக்காதன்னு ஒரு விதி இருந்துச்சு. அழிச்சதுல முப்பத்தெட்டாவது அது.

அக்கா எந்திரிச்சு வந்து பின்னால நின்னா. "எழுது"ன்னு அந்த விதிய மனப்பாடமா சொல்லச் சொல்ல சின்னவ அடிச்சா. ஆறே வரி. இருநூத்திப் பதிமூணாவது ஸ்கிரிப்ட். எழுதினவங்கங்கிற எடத்துல மெஷின் தானாவே சின்னவ பேரப் போட்டுக்கிச்சு.

"பாத்தியா, நம்ம புது ஏற்பாடு அரை மணி நேரத்துல சரி பண்ணிடுச்சு!" மேனேஜர் அவ முதுகத் தட்டிட்டுப் போனாரு.

கொஞ்ச நேரத்துல அந்த மையத்துக்கு அவரு அனுப்பின கடிதத்தோட நகல் சின்னவளுக்கு வந்துச்சு. 'முன்பு பணியிலிருந்த ஊழியர் முறையாகப் பதிவு செய்யாத மாற்றங்களால் இந்தத் தவறு நேர்ந்தது.'

முன்பு பணியிலிருந்த ஊழியர் இன்னும் சின்னவ நாற்காலிக்குப் பின்னாலதான் நின்னுக்கிட்டிருந்தா. சின்னவ அத மூடுறதுக்குள்ள அக்கா படிச்சிட்டா. வேலை போயிடுச்சுன்னு அந்தக் கடிதத்தப் பாத்துத்தான் அவளுக்கே தெரியும்.

"அக்கா…"

"அந்த விதிக்கு ஒரு சோதனை எழுதிச் சேத்துடு. மறுபடி யாராச்சும் அழிச்சா சிவப்பு வரணும்." குரல் அசையாத தண்ணி மாதிரி இருந்துச்சு. "இல்லன்னா அடுத்த தடவ உன்ன வச்சும் இதையேதான் எழுதுவாரு."

சின்னவ எழுதினா. ரெண்டு தடவ தப்பா வந்து, மூணாவது தடவ பச்சையா வந்துச்சு. திரும்பிப் பாத்தா, அக்கா பையை எடுத்துக்கிட்டுப் படி எறங்கிட்டிருந்தா.