மோட்டார் கொட்டாயில் ஒரு மெழுகுக் கட்டி

மும்முனை கரண்ட் வந்துவிட்டது. பானுமதி, மூன்று வயது ஐஸ்வர்யாவை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு மோட்டார் கொட்டாய்க்குள் குனிந்து நுழைந்தாள். பச்சைப் பொத்தானை அழுத்தியதும் மோட்டார் உறுமியது. தக்காளிப் பாத்திக்குத் தண்ணீர் ஓடியது.

ஸ்டார்ட்டர் பெட்டியின் மேல் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருந்தது. அதற்குள் தீப்பெட்டியை விடச் சிறிய மெழுகுக் கட்டி. ஐஸ்வர்யாவின் மூளையிலிருந்து அறுத்தெடுத்த கட்டியில் ஒரு துணுக்கை அந்த மெழுகுக்குள் பதித்திருந்தார்கள். ஜீன் டெஸ்டுக்காகப் பெங்களூர் லேபுக்கு நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள் என்றுதான் ஆஸ்பத்திரியில் தந்தார்கள். அது அவர்கள் ஊரான பாப்பிரெட்டிப்பட்டியைத் தாண்டவே இல்லை.

பானுமதியின் நாத்தனார் கலைச்செல்விக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கணவன் குமாரின் அண்ணன் மாதவராஜ்தான் வீட்டுக்குப் பெரியவர். "பந்தக்கால் நடப் போற வூட்டுக்குள்ள அறுத்த சதையக் கொண்டாரக் கூடாது" என்று டப்பாவைக் கொட்டாயில் வைத்தவர் அவர். டெஸ்டையும் அவரே நிறுத்தினார். "ஜீன் டெஸ்டுன்னா வம்சத்தையே தோண்டிப் பாக்கறதும்மா. நம்ம ரத்தத்துல கோளாறுன்னு வந்துட்டா தங்கச்சிய எவன் கட்டுவான்? கல்யாணம் முடியட்டும்."

குமார் அண்ணன் பேச்சைத் தட்டாதவன். பானுமதிக்கோ வாதாட உடம்பில் தெம்பில்லை. ஆஸ்பத்திரி வராந்தாக்களில் காத்துக் கிடந்த அலுப்பு இன்னும் அவள் இடுப்பிலேயே இருந்தது.

செல்போன் அடித்தது. ஐஸ்வர்யாவுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா.

"ஏம்மா, ரிசல்ட் இன்னும் வரலியே?"

மறைக்கவும் தெம்பில்லாமல் பானுமதி எல்லாவற்றையும் சொன்னாள். "அங்க என்னம்மா சத்தம்?" என்றார் டாக்டர்.

"மோட்டாருங்க."

"அத வெச்சே சொல்றேன், கேளு. ஸ்டார்ட்டர் எதுக்கு?"

"வேணுங்கறப்ப போட, வேணாங்கறப்ப நிறுத்தங்க."

"நம்ம செல்லுக்குள்ளயும் வளர்ச்சிக்கு ஒரு மோட்டார் இருக்கு. அதுக்கும் ஸ்டார்ட்டர் இருக்கு. சில கட்டியில ரெண்டு ஜீன் அறுந்து, மாறி ஒட்டிக்கும். மோட்டார் ஒயரு ஸ்டார்ட்டரை விட்டுட்டு, எப்பவும் கரண்டு ஓடற லைன்ல ஒட்டிக்கிட்டா என்னாகும்?"

"நிக்கவே நிக்காதுங்க. தோட்டமே மூழ்கிடும்."

"அதான் கட்டி. அப்படி ஒட்டின ஜீன் இருக்கான்னுதான் டெஸ்ட். சின்னக் குழந்தைங்களுக்கு வர்ற கட்டியில இது இருக்க வாய்ப்பு உண்டு. இருந்துச்சுன்னா அந்த ஒரு மோட்டாரை மட்டும் நிறுத்தற மருந்து இருக்கு, வாய்வழியாவே குடுக்கலாம். இந்த வயசு மூளைக்குக் கதிர்வீச்சு வைக்கறதத் தள்ளிப் போட முடியும். எந்த ஒயரு ஒட்டியிருக்குன்னு தெரியாம நான் எந்த மருந்தக் குடுக்கறது?"

பானுமதி தயங்கினாள். "எங்க வம்சத்துல..."

"உங்க கொட்டாயில ஒயரு ஒட்டிக்கிட்டா, உன் மூத்தார் வூட்டு லைட்டு கெட்டுப் போகுமா? இது அந்தக் கட்டிக்குள்ள மட்டும் நடந்த கோளாறும்மா. நீயும் குடுக்கல, உன் வூட்டுக்காரரும் குடுக்கல. ஆமா, அந்த மெழுகுக் கட்டிய எங்க வெச்சிருக்கீங்க?"

"இங்கதாங்க. தகரக் கூரைக்குக் கீழ."

டாக்டரின் குரல் தாழ்ந்தது. "சூட்டுல உள்ள இருக்கறது கெட்டிருந்தா டெஸ்ட் ஓடாது. கெடாமலும் இருக்கலாம். இன்னிக்கே அனுப்பிடு."

பானுமதி டப்பாவை எடுத்தாள். மோட்டாரை நிறுத்தும் சிவப்புப் பொத்தானைத் தானே அழுத்துவேன் என்று ஐஸ்வர்யா இடக்கையை நீட்டினாள். கை பாதி தூரம் போய்த் தொங்கிவிட்டது. பானுமதியே அழுத்தினாள்.

வீட்டு வாசலில் மாதவராஜ் பந்தல்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். டப்பாவைப் பார்த்ததும் முகம் சுளித்தார். பானுமதி நிற்காமல் படியேறி, டாக்டர் சொன்ன ஒயர் கதையை அப்படியே சொன்னாள்.

"அதெல்லாம் சரிம்மா. மாப்ள வூட்டுக்கு ஒயரப் பத்தியா கிளாஸ் எடுக்க முடியும்?"

"எடுத்துட்டேங்கண்ணா." உள்ளேயிருந்து கலைச்செல்வி போனுடன் வந்தாள். "மாப்ள வூட்ல லைன்ல இருந்தாங்க. அண்ணி சொல்லச் சொல்ல ஸ்பீக்கர்ல போட்டுட்டேன். அவங்களும் கேட்டாங்க."

மாதவராஜ் திகைத்துப் போனார். "என்னம்மா சொன்னாங்க?"

"யோசிச்சுச் சொல்றோம்னாங்க. யோசிக்கட்டும். பாப்பாவுக்குத்தான் யோசிக்க நேரமில்ல."

பந்தல்காரர் தன் கயிற்றைத் தேவையில்லாமல் சுருட்டினார். ஐஸ்வர்யா பெரியப்பாவைப் பார்த்து வலக்கையை நீட்டினாள், அவர் தூக்கிக்கொண்டார். அவளுடைய இடக்கை அவர் தோளில் வெறுமனே கிடந்தது. அவர் அந்தக் கையை எடுத்துத் தன் கழுத்தைச் சுற்றி வைத்துப் பார்த்தார். அது வழுக்கி விழுந்தது.

பிள்ளையைத் தாயிடம் கொடுத்துவிட்டு, டப்பாவை வாங்கித் தன் சோற்றுப் பையில் தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். "பொம்மிடிக்குப் போயி பெங்களூர் ரயிலப் புடிச்சிடறேன். குமாருக்குச் சொல்லிடு."

"கெட்டிருக்காதில்லீங்க மாமா?" என்றாள் பானுமதி.

மாதவராஜ் பைக்கை உதைத்துக் கிளப்பினார். ஆனால் உடனே நகரவில்லை.

"தெரியலம்மா. தகரச் சூட்டுல நான் நிக்கமாட்டாம வெளிய ஓடியாருவேன், அத அங்க கொண்டுபோயி வெச்சேன். நோய மறைச்சா குடும்ப மானம் நிக்கும்னு நெனச்சேன். பாப்பாவோட நாளுதான் போச்சு. இனிமே எவன் வந்து கேட்டாலும் இதத்தான் சொல்லுவேன்: நோயி வந்தா மொதல்ல டெஸ்டு. ஊரு என்ன பேசும்கறது அப்புறம்."