டெஸ்ஸாவின் பக்கத்தில் ஓர் ஆள் இடம்

இந்த ஸ்டுடியோவிலிருந்தும் ரோண்டா பாதிப் பேச்சில் எழுந்து வந்துவிட்டாள். மகள் டெஸ்ஸா அந்தப் புகைப்படக்காரரைப் பார்த்து ஒப்புக்கு ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, அம்மாவின் பின்னாலேயே ஓடிவந்து காரில் ஏறினாள்.

"இவருக்கு என்னம்மா குறை? என் கிளாஸ்ல பாதிப் பேரு இவர்கிட்டதான் எடுத்திருக்காங்க."

"எனக்குப் பிடிக்கல."

"போன வாரம் பாத்தவரும் பிடிக்கல. அதுக்கு முன்னாடி ஒருத்தங்க, அவங்களும் பிடிக்கல. நான் என்ன மகாராணியா? பள்ளிக்கூடம் முடிக்கிற பசங்க எல்லாரும் எடுத்துக்கற படம்மா அது."

ரோண்டா வண்டியைக் கிளப்பினாள். சாலையின் இருபுறமும் மக்காச்சோளம் ஆளுயரத்துக்கு நின்றது. அயோவாவில் அந்தப் பக்கத்து ஊர்களில் கோடை விடுமுறை முடிவதற்குள் கடைசி வருஷப் பிள்ளைகளின் படத்தை எடுத்துவிடுவார்கள். ஆண்டு மலருக்கு ஒன்று, அத்தை மாமாக்களுக்கு ஒவ்வொன்று, வரவேற்பறைச் சுவருக்குப் பெரிதாக ஒன்று. ரோண்டா தன் வீட்டுச் சுவரில் இரண்டு படங்களுக்கு இடம் ஒதுக்கி வைத்திருந்தாள். டெஸ்ஸா இரட்டையரில் ஒருத்தி.

கூடப் பிறந்த டேனர் பதினான்கு வயதில் போய்விட்டான். குளிர்காலத்தில் ஒரு நாள், அப்பாவுக்கு ஒத்தாசையாகச் சோளக் குதிருக்குள் இறங்கினான். கட்டிதட்டிப்போய் நின்ற சோளம் சரிந்து அவனை மூடிக்கொண்டது. ஊர்க்காரர்கள் ஓடிவந்து குதிரின் தகரத்தை அறுத்துத் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அப்பா லைல் அந்த நாளைப் பற்றி அதற்குப் பிறகு வாய் திறந்ததேயில்லை.

நொரீன் என்ற பெண்மணியிடம் போனபோதுதான் அம்மா ஏன் எல்லோரையும் வேண்டாமென்கிறாள் என்று டெஸ்ஸாவுக்குத் தெரிந்தது. நொரீனுக்குத் தனியாக ஸ்டுடியோ கிடையாது. வீட்டுக்குப் பின்னால் இருந்த பழைய களஞ்சியத்தின் கதவைத் திறந்துவைத்து, வருகிற வெளிச்சத்தில் எடுப்பாள். "உனக்கு எங்க நின்னா நல்லாருக்கும்னு தோணுது?" என்று டெஸ்ஸாவிடம்தான் முதலில் கேட்டாள். இதுவரை அதை யாரும் கேட்டிருக்கவில்லை.

டெஸ்ஸா யோசித்துக்கொண்டிருக்கும்போதே ரோண்டா கைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினாள். கால்பந்துச் சட்டையில் டேனர்.

"இவனை இவ பக்கத்துல நிறுத்தணும். இந்த வயசுல இல்ல. இப்ப இருந்தா எப்படி இருப்பானோ அப்படி. கம்ப்யூட்டர்ல பண்ணலாமாமே? அந்த ஸ்டுடியோக்காரங்கள இவ காதுல விழாமக் கேட்டுப் பாத்தேன், எல்லாரும் தெரியாதுன்னுட்டாங்க. உங்களுக்குத் தெரியுமா?"

டெஸ்ஸா வெளியே போய்விட்டாள்.

நொரீன் படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தாள். "தெரியும்," என்றாள். "ஒரு தடவ செஞ்சும் குடுத்திருக்கேன். அந்தக் குடும்பம் இன்னிக்கும் கடையில என்னைப் பாத்தா வேற பக்கம் திரும்பிப் போயிடுறாங்க. நான் செய்ய மாட்டேன், ரோண்டா. தப்பா எடுத்துக்காதீங்க."

"உங்களுக்குப் பிள்ளை போயிருந்தா தெரியும்."

நொரீன் படத்தை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள்.

காரில் டெஸ்ஸா கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தாள். பாதி வழி வந்த பிறகு, "அவன் மூஞ்சிய எதை வச்சும்மா பண்ணுவாங்க?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் அப்பா ஜாடை. கொஞ்சம் உன் ஜாடை."

"அதான். நீ என்னைப் பாக்கும்போதெல்லாம் அதத்தான பண்ற? நான் வளர வளர, இவன் இப்ப இவ்ளோ உயரம் இருப்பான், இவனுக்கு இப்ப மீசை வந்திருக்கும்னு. சாப்பிடும்போது பாக்கற, தூங்கும்போது வந்து பாக்கற. என்னையாம்மா பாக்கற?"

"உனக்கு அவன் வேண்டாமா?"

"எனக்கு வேண்டாமா?" டெஸ்ஸாவின் குரல் கீச்சிட்டது. "வயித்துலருந்து அவன்கூட இருந்தவ நான். என்னைப் போய்க் கேக்கற."

ஆனால் அடுத்த வாரம் ரோண்டா டி மொயின் நகரத்தில் பிரென்ட் என்ற ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டாள். தொலைபேசியிலேயே, "அதெல்லாம் தாராளமாப் பண்ணிடலாம்" என்றார் அவர். அம்மாவின் முகத்தில் அன்றைக்கு இருந்த களையைப் பார்த்து டெஸ்ஸா, "சரி, உனக்காக" என்று மட்டும் சொன்னாள்.

பிரென்ட் சாமர்த்தியசாலி. வாய் ஓயாமல் பேசியபடியே விளக்குகளை நகர்த்தினார்.

"இடது பக்கம் கொஞ்சம் தள்ளி நில்லும்மா. ஒரு ஆள் நிக்கற இடம் விடு. ஆங், அப்படித்தான். தம்பி உன்னைவிட உயரமா இருப்பான்ல? அண்ணாந்து பாரு."

"தம்பி இல்ல, அண்ணன். கொஞ்ச நிமிஷம் முன்னாடி வந்தான்."

"சரி சரி, அண்ணன். அவன் ஏதோ ஜோக் சொல்றான்னு நெனச்சுக்க. சிரி."

டெஸ்ஸா வெறும் காற்றை அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். சுவரோரம் உட்கார்ந்திருந்த ரோண்டாவுக்கு ஒரு கணம், எழுந்துபோய் மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடலாமா என்றிருந்தது. எழுந்திருக்கவில்லை.

படம் வந்தபோது அறுவடை நடந்துகொண்டிருந்தது. சமையலறை மேசையில் வைத்து உறையைப் பிரித்தாள். பிரென்ட் சொன்னபடியே செய்திருந்தார். நெடுநெடுவென்று ஓர் இளைஞன் டெஸ்ஸாவின் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றான். லைலின் தாடை, டெஸ்ஸாவின் கண், சீராக வெட்டிய முடி. ரோண்டா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷம்தான் என்று நினைத்தாள். மறுபடி பார்த்தாள். டேனருக்கு ஒரு காது கொஞ்சம் விடைத்துக்கொண்டு நிற்கும். சிரித்தால் ஒரு பக்கமாகத்தான் உதடு போகும். இவன் அளவாகச் சிரித்தான். பார்க்கப் பார்க்க டேனர் விலகிப் போய்க்கொண்டே இருந்தான். கடைசியில் யார் வீட்டுப் பிள்ளையோ ஒருவன் அங்கே நின்றான்.

லைல் வயலிலிருந்து வந்து கைகழுவிக்கொண்டே எட்டிப் பார்த்தான்.

"யார் இந்தப் பையன்? டெஸ்ஸா யார்கூடவாவது பழகுறாளா என்ன?"

ரோண்டா நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்தவன் மறுபடி படத்தைப் பார்த்தான். குழாயை மூட மறந்து, அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தான். பிறகு, டெஸ்ஸாவின் தோளில் இருந்த அந்தக் கையை விரலால் தொட்டான்.

"இவ்ளோ பெரிய கை இல்ல அவனுக்கு," என்றான். "சின்னக் கை. அன்னிக்குக் குளிரா இருக்குன்னான். என் கையுறையைக் கழட்டி அவன் கையில போட்டுவிட்டேன். அவனுக்கு அது தொளதொளன்னு இருந்துச்சு." நிறுத்தினான். "எட்டிப் புடிச்சுட்டேன், ரோண்டா. நெசமாவே புடிச்சுட்டேன். கையுறை மட்டும் கழண்டு வந்துச்சு."

ஓடிக்கொண்டிருந்த தண்ணீரை டெஸ்ஸா வந்து மூடினாள். எப்போது மாடியிலிருந்து இறங்கினாள் என்று இருவருக்கும் தெரியவில்லை. அப்பாவின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். லைல் குரலெடுத்து அழுதான். அவன் அழுது ரோண்டா பார்த்ததே இல்லை. அடக்கத்தன்றுகூட.

அந்தப் படத்தைக் கிழிக்க யாருக்கும் மனம் வரவில்லை. மாட்டவும் இல்லை. ரோண்டா அதை உறையிலேயே போட்டு, போர்வைகள் வைக்கும் அலமாரியின் அடியில் வைத்தாள். மறுநாள் நொரீனைக் கூப்பிட்டாள்.

"அன்னிக்கு நான் பேசினது..."

"அத விடுங்க. பொண்ணு எங்க நிக்கணும்னு சொன்னாளா?"

டெஸ்ஸா சொன்னாள். பள்ளிக்கூடம் விட்டதும் அவள் வேலை செய்யும் ஐஸ்கிரீம் கடையின் பின்பக்கம், வேலை முடிந்து உட்காரும் படிக்கட்டு. அம்மா கூட வர வேண்டாம் என்றும் சொன்னாள். ரோண்டா தெருமுனையில் காரிலேயே இருந்தாள்.

அந்தப் படத்தில் டெஸ்ஸா சிரிக்கவில்லை. வேலை உடுப்போடு, முழங்காலைக் கட்டிக்கொண்டு நேராகப் பார்த்தாள். புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு இருந்தது.

"இது எப்ப பட்டுச்சு?" என்று ரோண்டா கேட்டாள்.

"பத்தாவது படிக்கும்போது. பாஸ்கெட்பால் ஆடறப்ப. தையல் போட்டாங்களே, நீதாம்மா கூட்டிட்டுப் போன."

ரோண்டாவுக்குக் கொஞ்சமும் நினைவில்லை.

மே மாதம் டெஸ்ஸா பள்ளிக்கூடம் முடித்ததற்கு விருந்து. கார் ஷெட்டைக் கழுவி, மேசைகள் போட்டு, வாசலில் டெஸ்ஸாவின் படத்தைப் பெரிதாக வைத்தார்கள். சொந்தக்காரர்கள் வந்தார்கள். ஹாம் சாண்ட்விச்சும் உருளைக்கிழங்கு சாலடும் சாப்பிட்டார்கள். படம் உயிரோடு இருக்கிற மாதிரி இருக்கிறதென்றார்கள். டேனரோடு கால்பந்து ஆடிய பையன்கள் கூட்டமாக வந்தார்கள். ஒருவனுக்குத் தாடியே வந்திருந்தது. ரோண்டாவிடம் தலையைக் குனிந்து "நல்லாருக்கீங்களா" என்று கேட்டார்கள். கேக்கை நின்றபடியே தின்றுவிட்டு, இன்னும் ரெண்டு வீட்டு விருந்துக்குப் போகணும் என்று கிளம்பினார்கள். அவர்களுடைய வண்டி சாலை திரும்பும் வரை ரோண்டா பார்த்துக்கொண்டு நின்றாள்.

எல்லோரும் போன பிறகு லைல் நாற்காலிகளை மடக்க ஆரம்பித்தான்.

"ஒருத்தர்கூட அவன் பேரச் சொல்லல," என்றாள் ரோண்டா.

"நாமளும் சொல்லலயே," என்றான் லைல்.

அவள் மிச்சமிருந்த கேக்கை மூடிவைத்தாள். உள்ளே டெஸ்ஸா யாரோடோ தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள், தொலைதூரக் கல்லூரியில் தனக்குக் கிடைத்த அறையைப் பற்றி.