டிக்கெட் வைத்த பக்கம்

உனக்குப் பிடித்த நாவல் எது என்று யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றைத்தான். முடிவு என்ன என்று கேட்டால் மட்டும் பொல்லாத கோபம் வரும். எனக்கே தெரியாது.

கல்யாணமான புதிதில் ஒரு நாவலை யார் முதலில் படிப்பது என்று நானும் என் வீட்டுக்காரரும் இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள் மனிதர் பிளேடை எடுத்து அதை நாலாக அறுத்துவிட்டார். வீடே அதிர்கிற மாதிரி கத்தினேன்.

"கத்தாத. நான் முன்னால போறேன், நீ பின்னாலயே வா" என்றார்.

அவருக்கு மின்சார மீட்டர் கணக்கெடுக்கும் வேலை. எனக்குச் சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கும் வேலை. அதிலிருந்து எந்த நாவல் வாங்கினாலும் நாலு துண்டுதான்; ஆளுக்கொரு பஸ், ஆளுக்கொரு பகுதி. கதையை முன்கூட்டிச் சொல்லக்கூடாது என்பது என் சட்டம். அதனால் நான் அழப்போகிற பக்கத்தின் மூலையில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிடுவார். "புள்ளி வச்சத பஸ்ல படிக்காத, ஊரே வேடிக்கை பாக்கும்." முப்பது வருஷத்தில் அவர் புள்ளி ஒருமுறைகூடத் தப்பியதில்லை. இரண்டு பேரும் முடித்த பிறகுதான் நாலையும் சேர்த்துத் தைத்து அலமாரியில் வைப்பேன். ஒருவர் பாக்கி என்றாலும் ஊசியைத் தொடமாட்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மீட்டர் பார்க்கப் போன வீட்டு மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த பையில் சாப்பாட்டு டப்பா, கண்ணாடி, ஒரு நாவலின் நாலாவது பகுதி. நான் அப்போது மூன்றாவதில் பாதியில் இருந்தேன்.

அடுத்த மாசம் மகள் அலமாரியை ஒழுங்கு பண்ண வந்தாள். "நாலும்தான் இருக்கே, தச்சு வச்சிடும்மா."

"வாய மூடிட்டு வேலையப் பாருடி" என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவளும் அப்பாவைப் பறிகொடுத்தவள்தான்.

மூன்றாவதை எப்படியோ முடித்து, நாலாவதை பஸ்ஸில் பிரித்தேன். ஏழாம் பக்கத்தில் புள்ளி. வேண்டுமென்றே அங்கேயே படித்தேன். தேம்பித் தேம்பி அழுதேன். பக்கத்து சீட்டுக்காரி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். ஊரே வேடிக்கை பார்த்தது. பத்தாம் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட். அவர் போன அன்றைய தேதி. மீதிப் பக்கங்களின் மூலைகளை மட்டும் புரட்டிப் பார்த்தேன். ஒரு புள்ளி இல்லை.

முடிவு தெரிய இன்னும் முப்பது பக்கம்தான். ஆனால் அவர் பின்னாலேயே வந்து பழகியவள் நான். இந்த மனுஷனைப் பத்தாம் பக்கத்தில் தனியாக விட்டுவிட்டு நான் எப்படி முன்னால் போவேன்? டிக்கெட்டை அதே இடத்தில் வைத்து மூடினேன்.

அந்த நாவல் இன்றும் அலமாரியில் நாலு துண்டாகத்தான் கிடக்கிறது. அவர் இன்னும் படித்து முடிக்கவில்லை.