கடலில் இறங்கிய சவ்வரிசி

1
இதைக் கதையாக எழுத நான் நினைக்கவே இல்லை. பழைய கப்பல்காரர்களின் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று ஒரு கட்டுரை போடத்தான் உட்கார்ந்தேன். சராங்கு என்றால் படகுத் தலைவன், பாரசீகத்திலிருந்து வந்தது. லானுன் மலாய்ச் சொல், கடற்கொள்ளையன். கொள்ளைக்குப் பேர்போன ஒரு கடலோடி இனத்தின் பெயரே அப்படி ஆனதாம். ஆரியா என்றால் 'இறக்கு', போர்ச்சுகீசு. ஆவீஸ் என்றால் 'ஏற்று'. அது எந்த மொழி என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள், எனக்குத் தெரியாது.

இந்த இடத்தில் எனக்கே கொட்டாவி வந்தது. ஒரு கல்யாணத்தை நுழைத்துவிட்டேன்.

2
1958. சிங்கப்பூர் ஆற்றின் மேல் வானம் செம்... [வேண்டாம். வானத்தை யார் படிக்கிறார்கள்?]

யாக்கூப் ஒரு தொங்கானின் சராங்கு. தொங்கான் என்பது, வெளிக்கடலில் நிற்கும் கப்பல்களிலிருந்து சரக்கை ஆற்றுக்குக் கொண்டுவரும் பெரிய படகு. அவர் மகள் சம்சுன்னிசா. அவளைக் கட்ட ஆசைப்படுகிறவன் ரவூப், சிராங்கூன் சாலை மொத்தக் கடையொன்றில் கிளார்க். அவளுக்கும் சம்மதம். [ஏன் சம்மதம்? எழுதி எழுதி அடித்துவிட்டேன். சிரிக்க வைத்திருப்பான், விடுங்கள்.]

பெண் கேட்டு வந்தவர்களிடம் யாக்கூப் ஒன்றுதான் சொன்னார்.

"ஒரு நாள் எங்கூட தொங்கான்ல வரட்டும், அப்புறம் சொல்றேன். இப்போதைக்கு அவன் என் வீட்டுல ஏறப் பாக்குற லானுன், அவ்வளவுதான் லா."

ரவூப் கடல் சொற்களை மனப்பாடம் செய்தான். பஸ் கண்டக்டரிடம்கூட ஆரியா சொல்லித்தான் இறங்கினான்.

3
ஒரு வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். சரக்கு வலையைத் தூக்கி இறக்கும் விஞ்சு இயந்திரத்தை இயக்குகிறவர்கள் கப்பலின் மேல்தட்டில். அவர்களுக்குக் கீழே தொங்கான் தெரியாது, குரல்தான் கேட்கும். எந்தக் குரல் ஆரியா என்றாலும் இறக்குவார்கள். ஆனால் இறக்கச் சொன்ன அதே குரல்தான் ஏற்றவும் சொல்ல வேண்டும். நடுவில் வேறு யாரும், சராங்கு உட்பட, வாய் திறக்கக் கூடாது. குரல் கலந்தால் ஆள் சாவான்.

(கடைசிப் பாதி நானே கட்டியது. கதைக்குத் தேவைப்பட்டது.)

4
சரவாக்கிலிருந்து வந்த கப்பல். அதன் பக்கத்தில் தொங்கான், அதில் யாக்கூப்போடு ரவூப். சவ்வரிசி மூட்டைகள் நிறைந்த வலை கப்பலின் விளிம்பைத் தாண்டிவிட்டது. தொங்கானுக்கு நேராக இன்னும் வரவில்லை, கடல் மேல் ஆடிக்கொண்டிருந்தது. ரவூப்புக்கு உற்சாகம் தாங்கவில்லை. தொண்டை கிழிய ஆரியா என்றான்.

வலை கடலுக்குள் போய்விட்டது.

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். ஏற்றச் சொல்லும் மற்ற சொல் அவனுக்கு மறந்துபோயிருந்தது. சுக்கான் ஞாபகம் வந்தது, நங்கூரம் ஞாபகம் வந்தது, அது மட்டும் வரவில்லை.

படகாள் துரைசாமி மெதுவாகச் சொன்னார்: "தம்பி, சீக்கிரம் லா. கீழ மீனுக்கெல்லாம் பாயசம் ஆயிடும்."

5
முடிவு அ: ரவூப்புக்குச் சட்டென்று ஞாபகம் வந்து... [சினிமா.]

முடிவு ஆ: யாக்கூப்பே கத்திவிடுகிறார். சரக்கு ஏறும். ஆனால் வழக்கத்தை மீறிய சராங்கின் பேச்சை நாளைக்கு எவன்... [நான் எழுதினாலும் அவர் செய்யமாட்டார். முயன்று பார்த்தேன்.]

அவர் செய்தது இது. கயிறுகளைத் தாண்டி வந்து, ரவூப்பின் காதருகே குனிந்து, மேலே கேட்காமல் அந்தச் சொல்லைச் சொன்னார்.

"வயித்துலேருந்து கத்து."

ரவூப் கத்தினான். வலை வெள்ளை வெள்ளையாக ஒழுகிக்கொண்டே மேலே வந்தது. துரைசாமி சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டார்.

6
தொங்கான் கரைக்குத் திரும்பியது. படித்துறையில் ரவூப் கேட்டான்: "மாமா, அப்ப என் விசயம்?"

அவர் காப்பாற்றியது சவ்வரிசியையா, மருமகனையா என்று நானும் கேட்டேன். முதலில் என்னைப் படகைவிட்டு இறங்கச் சொன்னார். இறங்கிவிட்டேன். அதனால் அவர் அவனுக்கு என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை.

நீங்கள் பக்கத்தில்தான் நிற்கிறீர்கள். கேட்டுக்கொண்டு போய் சம்சுன்னிசாவிடம் சொல்லுங்கள். காலையிலிருந்து ஜன்னலை விட்டு நகராமல் நிற்கிறாள்.